கொல்லையில் ஒரு மொட்டைத் தென்னை



நேற்று முன்தினம் லண்டனிலிருந்து மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். சுவரில் படர்ந்திருக்கும் கொடிக்குள் ஒரு பறவை கூடு கட்டுகிறது. பிளாக்பேர்ட் என்று பெயராம். சேவல் நல்ல அட்டைக்கறுப்பு, அலகு மட்டும் மஞ்சள். பெட்டை பழுப்பு நிறம், ஆகவே பெயர் பாதிக்குத்தான் பொருந்துகிறது. புல்லையும் வேரையும் வளைத்துக் கிண்ணம் போலக் கட்டி, உட்புறம் சேறு பூசி, அதன்மேல் மெல்லிய புல் பரப்புமாம். நம் பக்கத்தில் இந்தப் பறவை கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் போனால் இதன் நெருங்கிய சொந்தக்காரனைப் பார்க்கலாம்.

வீடியோவின் கடைசியில் பேத்தியின் குரல். "தாத்தா, அம்மா பேர்ட் மட்டும்தான் முட்டை மேல உக்காருமாம். அப்பா பேர்ட் பாட்டு மட்டும் பாடுமாம்!"

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வாத்தியார் பேச ஆரம்பித்தால் மணியடித்தாலும் நிறுத்தமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் கொல்லையில் பாடுகிற பறவை குண்டுக்கரிச்சான். புத்தகத்தில் உள்ள பெயர் அது. பெயர் சொல்லத் தெரியாதவர்கள் "அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவி" என்பார்கள். வெறும் கரிச்சான் என்றால் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி, அது வேறு. இவர் மைனாவை விடச் சிறியவர். தலை, மார்பு, முதுகு எல்லாம் மினுமினுக்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை, வாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். சேவலுக்குக் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் பெட்டைக்குச் சாம்பல். பங்களாதேஷில் இதுதான் தேசியப் பறவை, அவர்களுடைய பழைய இரண்டு டாக்கா நோட்டில் படமே போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: உங்கள் ஊரிலும் இது நிறைய இருந்ததுதான். பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்ததில் 1970-களுக்குள் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. மிச்சம் இருந்த பொந்துகளுக்கு வெளியிலிருந்து வந்த மைனாக்களும் போட்டிக்கு நின்றன.

பொந்து என்பதுதான் இதற்கு உயிர். லண்டன் பறவை மாதிரி கொடிக்குள் கிண்ணம் கட்டாது. மரப்பொந்து, சுவர் ஓட்டை, உடைந்த குழாய் என்று ஏதாவது ஒரு குழிக்குள்தான் முட்டையிடும். எங்கள் கொல்லையில் அப்பா காலத்து நீலம் மாமரம் ஒன்று நின்றது. கிளை முறிந்த இடத்தில் ஒரு பொந்து. வருஷா வருஷம் பங்குனியில் அங்கேதான் குடித்தனம். குடித்தனம் நடப்பது தெரியுமே தவிர, நான் நின்று பார்த்ததில்லை. பள்ளிக்கூடம், டியூஷன், விடைத்தாள், தேர்தல் வேலை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. வேதாரண்யத்துக்காரர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் கொல்லையில் பதினொரு தென்னை. விடிந்து பார்த்தபோது ஒன்பது படுத்திருந்தன. மாமரம் வேரோடு சாய்ந்து, வேர்மண் ஆள் உயரத்துக்கு நின்றது. பத்தாவது தென்னை பாதியில் ஒடிந்து, பன்னிரண்டு அடி உயரத்துக்கு மொட்டையாக நின்றது. தென்னைக்கு ஒரே குருத்து. தலை போனால் மரம் போயிற்று. மா, முந்திரி, பலா என்று ஊர் முழுக்க இதே கதை. அன்றைக்குக் காலையில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. அதற்குப் பிறகு பல நாள் இல்லை.

விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே கையில் இருந்த பணம் தீர்ந்தது. மொட்டைத் தென்னை மோட்டார் கொட்டகையை ஒட்டி நின்றதால் அதைச் சாய்க்கத் தனிக் கூலி கேட்டார்கள். "நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று விட்டேன். இதில் பெரிய கருணை ஒன்றும் இல்லை, செலவுக்குப் பயந்துதான்.

2020-ல் ஊரடங்கு. திண்ணையை விட்டால் போக்கிடம் இல்லை. அப்போது ஒரு பொன்முதுகு மரங்கொத்தி வந்து அந்த மொட்டையில் கொத்த ஆரம்பித்தது. நாலைந்து நாளில் எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரியதாக ஒரு வட்டத் துளை, காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி. அந்த வருஷம் மரங்கொத்தி இருந்தது. அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு காலை, டி.வி. ஆன்டெனா மேலிருந்து பாட்டு. மூன்று வருஷத்துக்குப் பிறகு குண்டுக்கரிச்சான்! உங்கள் டீச்சரம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டாள். அவள் அப்படியெல்லாம் வந்து நிற்கிற ஆள் இல்லை.

2022-ல்தான் ஒழுங்காகக் கவனிக்க உட்கார்ந்தேன். பழைய நோட்ஸ் ஆஃப் லெசன் நோட்டு ஒன்றில் எழுதாத பக்கங்கள் இருந்தன. அதில் தேதி போட்டு எழுதினேன். மார்ச் மூன்றாம் வாரம் முழுக்க மைனாவோடு சண்டை. மைனா உருவத்தில் பெரியது, இரண்டாக வந்து துளை வாசலில் உட்கார்ந்துகொள்ளும். சேவல் கரிச்சான் மேலிருந்து கல் விழுவது மாதிரி விழுந்து தலையில் தட்டிவிட்டுப் போகும். நாலு நாள் பார்த்துவிட்டு மைனாக்கள் போய்விட்டன. இந்தச் சண்டைச் சூட்டில் என் ஸ்கூட்டர் கண்ணாடியையும் அது விடவில்லை. கண்ணாடிக்குள் தெரிவது வேறொரு சேவல் என்று நினைத்து மணிக்கணக்கில் கொத்தும். கடைசியில் இரண்டு கண்ணாடிக்கும் மஞ்சள் பை மாட்டிவிட்டேன்.

பிறகு பெட்டை பொருள் சேர்க்க ஆரம்பித்தது. பன்னாடை நார், வேர், சவுக்கு ஊசி, எங்கிருந்தோ கொஞ்சம் தலைமுடி. ஒரு காலையில் மட்டும் பத்தொன்பது நடை எண்ணினேன். சேவல் ஒரு துரும்பு எடுக்கவில்லை. ஆன்டெனா மேல் உட்கார்ந்து பாட்டு. "நல்ல ஆம்பள" என்றாள் டீச்சரம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

ஏணி வைத்து ஒரே ஒரு முறை செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். செய்திருக்கக் கூடாது, அதற்குப் பிறகு செய்யவும் இல்லை. நீங்களும் செய்யாதீர்கள், மிரண்டால் கூட்டை விட்டுவிடும். நான்கு முட்டை. வெளிறிய நீலப்பச்சை, மேலே பழுப்புத் தெளிப்பு. மார்ச் 29 முதல் பெட்டை அடையில் உட்கார்ந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம் வந்தது. சேவல் எப்போது மாறும் என்று காத்திருந்தேன். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை, மாலை நாலு முதல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். பெட்டை நடுநடுவே வெளியே வரும், தரையில் பூச்சி பொறுக்கித் தின்னும், பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விடும். அந்தப் பத்து நிமிஷமும் முட்டை தனியாகக் கிடக்கும். சேவல் வாசல் பக்கம் வரும், உள்ளே போகாது. மூன்றாம் நாளும் அப்படியே. நோட்டில் "பெட்டை மட்டும்" என்று எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றது. இந்த இரண்டு வார்த்தையையும் நான் ஏற்கெனவே வேறொரு கையெழுத்தில் படித்திருக்கிறேன்.

1994-95, ஒன்பதாம் வகுப்பு. வகுப்புத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி, நானே போட்டது. பறவைகள் எவ்வாறு அடைகாக்கின்றன? நான் கொடுத்திருந்த குறிப்பு: ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். புறாவை மனதில் வைத்துக்கொண்டு எழுதியது. கோயில் கோபுரத்துப் புறாக்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். புறாவுக்கு அது சரிதான். எல்லாப் பறவைக்கும் அதையே எழுதிப் போட்டது என் சோம்பேறித்தனம்.

ஒரு பையன் எழுதியிருந்தான்: "எல்லாப் பறவையும் அப்படி இல்லை. எங்கள் கொல்லையில் கறுப்பு வெள்ளைக் குருவி இருக்கிறது. அதில் பெட்டை மட்டும் அடைகாக்கிறது. சேவல் பாடுகிறது."

சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுச் சுழி போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. விடைத்தாள் கொடுக்கும்போது அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். "சேவல் பாடுதாம்டா. கூட்டுல ரேடியோ வச்சிருக்காம் போல" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவன் மட்டும், "இல்ல சார், நெசமா பாத்தேன் சார்" என்றான். "உக்காரு" என்றேன்.

அன்றிலிருந்து அவன் பெயர் ரேடியோ. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு யார் நினைத்தாலும் பிய்க்க முடியாது. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கையைத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான்.

இதை விட எனக்கு உறைத்தது வேறொன்று. வருஷம் தவறாமல் உங்களை வேன் வைத்துக் கோடியக்கரைக்கு அழைத்துப் போவேன், நினைவிருக்கிறதா? பூநாரைகளைக் காட்டி, சலீம் அலியே வந்து போன இடம் இது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையம் மாட்டி அது எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள் என்றெல்லாம் பிரசங்கம் செய்வேன். "உற்றுநோக்கல்தான் அறிவியல்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதும் நான்தான். தன் வீட்டுக் கொல்லையில் உற்றுநோக்கியவனுக்குச் சுழி போட்டதும் நான்தான்.

ஏப்ரல் 2 காலை மோட்டார் ஓடவில்லை. உர்ரென்று சத்தம், தண்ணீர் ஏறவில்லை. வழக்கமாக வருபவர் வெளியூர் போயிருந்தார், வேறொருவரைச் சொல்லி அனுப்பினார். பைக்கில் பெட்டியோடு வந்து இறங்கினார். நரை விழுந்த தலை. "சௌக்கியமா சார்?" என்றார். குரலில் அடையாளம் தெரியவில்லை. நின்ற நிலையில் தெரிந்தது. நோட்டில் "பெட்டை மட்டும்" என்று எழுதி இரண்டு நாள்கூட ஆகவில்லை. கதைக்காகச் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சின்ன ஊர், அவ்வளவுதான். இத்தனை வருஷம் எதிரில் படாமல் இருந்தது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கும் அவரே பிறகு பதில் சொன்னார்: "நாந்தான் ஒதுங்கிப் போயிடுவேன் சார்."

கொட்டகைப் பக்கம் போனவர், பெட்டியைத் திறக்காமல் மொட்டையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பெட்டை துளையில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

"அடையில இருக்கு சார். எத்தன நாளாச்சு?"

"அஞ்சு நாள்."

"பேரிங் போயிருக்கும். அடிச்சுத்தான் கழட்டணும். கொட்டகையே அதிரும். இன்னும் ஏழெட்டு நாள்ல பொரிஞ்சிடும், அப்பறம் வரேனே? குஞ்சு பொரிஞ்சிட்டா அவ்வளவு லேசுல விட்டுட்டுப் போகாது."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "நீ அன்னைக்கி எழுதுனது சரிப்பா. பெட்டை மட்டுந்தான்."

"தெரியும் சார்" என்றார்.

அவ்வளவுதான். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. இருபத்தேழு வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயத்தை நான் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டு நின்றேன். வகுப்பில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "வேலைக்கிப் போற எடத்துல இப்பவும் அப்படித்தான் சார் கூப்புடறாங்க. எம் புள்ளைக்கி மட்டும் அது புடிக்கல" என்றார். டீச்சரம்மா காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் பக்கத்து வீட்டுக் கைப்பம்பில் தண்ணீர் அடித்துச் சுமந்தோம். அந்த ஒன்பது நாளும் டீச்சரம்மா சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஏப்ரல் 10 காலையில் பெட்டை வாயில் புழுவோடு உள்ளே போயிற்று. பன்னிரண்டு நாள் கணக்கு. அதற்குப் பிறகுதான் சேவலின் குணம் தெரிந்தது. அதுவும் இரை கொண்டுவர ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் பெட்டை பதினொரு தடவை, சேவல் ஏழு தடவை. வெட்டுக்கிளி, புழு, ஒருமுறை சின்னப் பல்லி. ஒரு மத்தியானம் கொம்பேறி மூக்கன் ஒன்று கொட்டகை ஓட்டிலிருந்து மொட்டையை நோக்கி நீண்டது. சேவல் போட்ட சத்தத்தில் பாட்டு என்பதே இல்லை, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கத்தல். அணில், தவிட்டுக்குருவிக் கூட்டம் எல்லாம் சேர்ந்துகொண்டன. பாம்பு திரும்பிப் போயிற்று. காலையில் பாடுவதும் சும்மா இல்லை, இது என் எல்லை என்று அடுத்த சேவலுக்குச் சொல்வது. வேலையில்லாமல் பாடுகிறது என்று நானும் டீச்சரம்மாவும் பேசியதெல்லாம் தப்பு.

ஒரு முட்டை பொரியவில்லை போலிருக்கிறது. மூன்று குஞ்சுகள் ஏப்ரல் 25 அன்று வெளியே வந்தன. ஒன்றை அன்றைக்கே காக்கை கொண்டுபோயிற்று. மற்ற இரண்டும் செம்பருத்திச் செடிக்குள் ஒரு வாரம் ஒளிந்திருந்து தேறிவிட்டன. மோட்டாரை ஏப்ரல் 11-ம் தேதியே அவர் வந்து சரிசெய்துவிட்டார். பேரிங்தான். கூலியைக் குறைத்து வாங்கப் பார்த்தார், நான் விடவில்லை.

பக்கத்துக் கொல்லை மச்சானுக்கு என் மேல் ஒரு வருத்தம். நியாயமான வருத்தம்தான். கஜாவுக்குப் பிறகு அவர் இருபது தென்னம்பிள்ளை வைத்தார். அவற்றின் குருத்தில் காண்டாமிருக வண்டு விழுந்து, விரிந்த மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டியது போல இருந்தது. அந்த வண்டு முட்டையிட்டுப் பெருகுவதே எருக்குழியிலும் மக்கின தென்னை மரத்திலும்தான். "உங்க குருவிக்காக என் கன்னு சாகணுமா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? இன்னொரு ஈடு குஞ்சு பொரித்தாலும் பொரிக்கும், ஆடி வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தார். மறுபடி கூடு கட்டவில்லை.

ஆடியில் மொட்டையை இறக்கினோம். ஆள் வைத்துத்தான். ஆனால் மோட்டார் மெக்கானிக்கும் சொல்லாமலே வந்து கயிறு பிடித்தார். அடிமரத்தில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள், மச்சான் சொன்னது அத்தனையும் உண்மை. புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டு, மரத்தை எரித்தோம். துளை இருந்த பகுதி காய்ந்து கெட்டியாக இருந்தது. அதை மட்டும் நாலடி நீளத்துக்கு அறுத்து, உள்ளே தட்டிச் சுத்தம் செய்து, மேலே தகரம் அடித்து, வேலியோரப் பூவரசில் அதே உயரத்தில், அதே கிழக்குப் பார்த்தபடி கட்டினோம். கிழக்குப் பார்த்து என்பது அவர் யோசனை.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாம்" என்றார். 95 செட் பிள்ளைகளுக்கு யாரென்று புரிந்திருக்கும். கமெண்ட்டில் பெயரையும் போடாதீர்கள், அந்தப் பட்டப்பெயரையும் போடாதீர்கள். நேரில் பார்த்தால் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது நான் உங்களுக்கு வைக்கும் வேண்டுகோள்.

இப்போது 2023 மார்ச், மறுபடியும் பங்குனி. ஒரு வாரமாகச் சேவல் பூவரசுத் தகரத்தின் மேல் உட்கார்ந்துதான் பாடுகிறது. பெட்டை இரண்டு தடவை வந்து துளைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்னும் ஒரு துரும்பு உள்ளே போகவில்லை. மைனாக்களும் வந்து பார்த்தன. பேத்திக்கு அனுப்ப இன்று காலை பாட்டை மட்டும் பதிவு செய்தேன், பின்னணியில் கேட்கும் சத்தம் எங்கள் மோட்டார்.